தோற்றால் மூட்டையைக் கட்டு: எஃப்.ஏ. கோப்பை பற்றி வாசகர் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் (சுருக்கமாக எஃப்.ஏ.) நடத்துகிற எஃப்.ஏ. கோப்பை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்துவிட்டோம். ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருந்த இடத்தில் ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பிரீமியர் லீக் புரிகிறது. 38 ஆட்டம், புள்ளிப் பட்டியல், கடைசியில் முதலிடம் யாரோ அவர் சாம்பியன். நடுவில் ஜனவரியில் திடீரென்று பெயரே கேள்விப்படாத ஒரு சின்ன ஊர் அணியோடு பெரிய அணி ஒன்று ஆடுகிறதே, அது என்ன? யார் வேண்டுமானாலும் அதில் சேரலாமா?

பதில்: அதுதான் எஃப்.ஏ. கோப்பை. லீக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஒரே சீசனில் இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன. லீக்கில் இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் சரிக்கட்டிக்கொள்ளலாம், மே மாதம் பட்டியலைப் பார்க்கும்போது அந்தத் தோல்வி யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. இங்கே ஒரே ஒரு தோல்வி, அவ்வளவுதான், மறுபடி அடுத்த சீசனில் வந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

யார் வேண்டுமானாலும் என்றால், நீங்களும் நானும் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது. இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே அடுக்கடுக்காக லீக்குகள் இருக்கின்றன. மேலிருந்து ஒன்பது, பத்தாவது அடுக்கு வரை உள்ள கிளப்புகள் விண்ணப்பிக்கலாம், மைதானம் கால்பந்து சங்கம் கேட்கிற தரத்தில் இருந்தால் போதும். கீழ் அடுக்குகளில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள். 1871-72இல் முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தவை 15 அணிகள்தான். 2011-12இல் 763 அணிகள் ஆடின, இதுவரை அதுதான் அதிகம். இப்போதும் 700க்குக் குறைவதில்லை. வேல்ஸ் நாட்டுக் கிளப்புகள் சிலவும் இதில் ஆடுகின்றன, 1927இல் கார்டிஃப் ஆர்சனலை 1-0 என்று வென்று கோப்பையை வேல்ஸுக்கே கொண்டுபோனது. இங்கிலாந்துக்கு வெளியே அது போனது அந்த ஒரு தடவைதான்.

கேள்வி: ஜனவரியில் நடப்பதை 'மூன்றாவது சுற்று' என்கிறார்கள். முதல் இரண்டு சுற்று எங்கே போயிற்று? பெரிய அணிகளுக்கு மட்டும் எதற்கு இந்தச் சலுகை?

பதில்: இரண்டு மட்டுமா போயிற்று, அதற்கும் முன்னால் ஆறு சுற்றுகள் முடிந்திருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்ப நிலைச் சுற்றுகள் இரண்டு, அப்புறம் தகுதிச் சுற்றுகள் நாலு. தொலைக்காட்சியில் யாரும் காட்ட மாட்டார்கள், இருநூறு முந்நூறு பேர் பார்வையாளர்களாக நிற்பார்கள், எதிரணி பக்கத்து ஊராக இருக்கும். பயணச் செலவைக் குறைப்பதற்காகத் தகுதிச் சுற்றுகளில் வட்டாரம் பார்த்துத்தான் மோதவிடுகிறார்கள்.

கணக்கு எங்கே அழகாக விழுகிறது பாருங்கள். நாலாவது தகுதிச் சுற்றில், கீழிருந்து ஜெயித்து வந்த 40 அணிகளோடு ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கின் 24 கிளப்புகள் சேரும். மொத்தம் 64, ஜெயிப்பது 32. இவற்றோடு லீக் ஒன், லீக் டூ என்கிற மூன்றாம் நான்காம் அடுக்குகளின் 48 கிளப்புகளைக் கூட்டினால் 80, இதைத்தான் 'முதல் சுற்று' என்கிறார்கள். 80 நாற்பதாகும், நாற்பது இருபதாகும். பிழைத்து நிற்கும் அந்த 20 அணிகளோடு பிரீமியர் லீக்கின் 20, இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பின் 24 எல்லாம் வந்து சேர்ந்தால் திரும்பவும் 64. அதற்குப் பிறகு யாரையும் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை, 32, 16, 8, 4, 2 என்று தானாகவே பாதி பாதியாகக் குறைந்து மே மாதம் வெம்ப்லி மைதானத்தில் முடிந்துவிடும். நாக் அவுட் நடத்துகிற எல்லோருக்கும் இருக்கிற தலைவலி இதுதான்: அணிகளின் எண்ணிக்கை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் ஒன்றில் வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்காதபோது சிலரை முன்னால் ஆடவைக்க வேண்டும், சிலரைப் பிறகு நுழைக்க வேண்டும். ஒவ்வொரு மோதலும் ஓர் அணியை வெளியே அனுப்புகிறது என்பதால், 763 அணிகள் வந்தால் எப்படிப் பிரித்தாலும் கடைசி ஒன்று மிஞ்ச 762 மோதல்கள் தேவை. அந்த 762இல் யாருக்கு எத்தனை என்பதில்தான் அரசியல்.

சலுகைதான், அதை மறைக்க ஒன்றும் இல்லை. பிரீமியர் லீக் அணி ஆறு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. அடிமட்டத்தில் ஆகஸ்டில் தொடங்குகிற அணிக்குப் பதினான்கு. ஆனால் ஒருகாலத்தில் இதைவிட மோசமாக இருந்தது. 1872இல் கோப்பையை ஜெயித்த வாண்டரர்ஸ் அணிக்கு 1873இல் எந்தச் சுற்றும் கிடையாது, நேராக இறுதி ஆட்டம்! மற்றவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஒருவரை அனுப்ப வேண்டும், சாம்பியன் காத்திருப்பார். அந்த வருடமும் அவர்களே ஜெயித்தார்கள். பிறகு அந்த ஏற்பாட்டையே விட்டுவிட்டார்கள்.

கேள்வி: குலுக்கலில் பெரிய அணிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பார்களா? டென்னிஸில் செய்கிறார்களே.

பதில்: மாட்டார்கள், அதில்தான் இந்தப் போட்டியின் உயிரே இருக்கிறது என்பேன். மூன்றாவது சுற்றிலிருந்து எல்லா அணிக்கும் ஒரு எண், எண் எழுதிய பந்துகள் ஒரு பாத்திரத்தில், நேரலையில் ஒவ்வொன்றாக எடுப்பார்கள், முதலில் வருகிற எண்ணுக்குச் சொந்த மைதானம், அடுத்து வருவது விருந்தாளி. தரவரிசை கிடையாது. முதல் நாளே அட்டவணை போட்டு இவர் ஜெயித்தால் அவரோடு என்று எழுதி ஒட்டுவதும் கிடையாது, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்குவார்கள். லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும் மூன்றாவது சுற்றிலேயே மோதி ஒருவர் வீட்டுக்குப் போகலாம். எட்டாம் அடுக்கு அணி ஒன்று வாசலில் டாட்டன்ஹாமை வரவேற்கலாம்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் மெர்சிசைடு பகுதியின் மரைன் என்ற எட்டாம் அடுக்கு அணியின் மைதானத்துக்கு, மொரின்யோ பயிற்சியாளராக இருந்த டாட்டன்ஹாம் வந்தது. ஆடுகளத்தின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வீடுகளின் கொல்லைப்புறங்கள். கோப்பை வரலாற்றில் மோதிய இரு அணிகளுக்கு நடுவே அத்தனை பெரிய இடைவெளி இருந்ததே இல்லை. 5-0 என்று தோற்றார்கள், அது போகட்டும். கொரோனா காலம், மைதானத்துக்குள் பார்வையாளரே கிடையாது, டிக்கெட் வசூலே இல்லாமல் வாழ்நாளில் ஒருமுறை வருகிற ஆட்டம் வீணாகிவிடுமோ என்று இருந்த நேரத்தில், உள்ளே வர முடியாத 'மெய்நிகர் டிக்கெட்' என்று பத்து பவுண்டுக்கு விற்றார்கள். 30,000க்கும் மேல் விற்றது, டாட்டன்ஹாம் ரசிகர்களே அள்ளி வாங்கினார்கள்.

சின்ன கிளப் எதை விரும்பும், சொந்த மைதானத்தையா, வெளியூரையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மேலாளரைக் கேட்டால் சொந்த மைதானம் என்பார், பொருளாளரைக் கேட்டால் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் என்பார். டிக்கெட் வசூலில் செலவு போக மிஞ்சுவதில் இரு கிளப்புக்கும் பங்கு உண்டு, எழுபதாயிரம் பேர் உட்காருகிற மைதானத்தில் அந்தப் பங்கு ஒரு சின்ன கிளப்புக்கு வருடக்கணக்கான வருமானம்.

கேள்வி: ஆட்டம் சமனில் முடிந்தால் மறு ஆட்டம் என்று படித்திருக்கிறேன். இப்போது அது இல்லை என்கிறார்களே?

பதில்: இல்லை. 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டம் கிடையாது, அன்றைக்கே கூடுதல் நேரம், அதிலும் தீரவில்லை என்றால் பெனால்டி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் கோபம் இருக்கிறது.

பழைய ஏற்பாடு இதுதான். சமன் என்றால், விருந்தாளியாக வந்த அணியின் மைதானத்தில் திரும்ப ஆட வேண்டும். அதுவும் சமன் என்றால் மறுபடி. எல்லையே கிடையாது. 1971இல் நாலாவது தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி என்ற இரண்டு அணிகள் ஆறு ஆட்டங்கள், மொத்தம் பதினொரு மணி நேரம் ஆடி முடித்தார்கள், ஆறாவதில் ஆல்வ்சர்ச் 1-0. இதை யாரும் நியாயம் என்று வாதாட முடியாது, சரி. 1991-92இலிருந்து ஒரே ஒரு மறு ஆட்டம், அப்புறம் பெனால்டி என்று ஆக்கினார்கள். அது நல்ல நடுவழி. அதற்குப் பிறகு கடைசிச் சுற்றுகளிலிருந்து ஒவ்வொன்றாக மறு ஆட்டத்தை வெட்டிக்கொண்டே வந்து, 2024 ஏப்ரலில் மொத்தமாகவே எடுத்துவிட்டோம் என்று கால்பந்து சங்கமும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து அறிவித்தன. கீழ் அடுக்குக் கிளப்புகள், எங்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்று கொதித்தன. காரணம் நாள்காட்டி. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கே அந்த சீசனில் பெரிதாகி ஆட்டங்கள் கூடின, பெரிய அணிகளுக்கு மறு ஆட்டம் ஆட நாள் இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை, ஆட்டக்காரர்களும் மனிதர்கள்தானே. ஆனால் கூடுதலாக வந்த ஆட்டங்களின் பணம் போனது பெரிய கிளப்புகளுக்கு, இடம் கொடுக்க வெட்டப்பட்டது சின்ன கிளப்புகளின் ஆட்டம்.

எக்ஸெட்டர் சிட்டியைப் பாருங்கள். ரசிகர்களே சேர்ந்து கையில் எடுத்து நடத்திய கிளப், ஐந்தாம் அடுக்கில், கழுத்துவரை கடன். 2005 ஜனவரியில் ஓல்டு டிராஃபோர்டில் 67,000 பேருக்கு முன்னால் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0. மறு ஆட்டம் சொந்த ஊரில், அதில் 2-0 என்று தோற்றார்கள், ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம்தான் கடனிலிருந்து மீளப் பெரிய கைகொடுத்தது. இன்றைய விதிப்படி அன்றைக்கே கூடுதல் நேரம், களைத்துப்போன ஆட்டக்காரர்களுக்கு எதிராகப் பெஞ்சிலிருந்து இன்னும் நாலு நட்சத்திரங்கள் இறங்கியிருப்பார்கள், கதை அன்றே முடிந்திருக்கும்.

வரலாற்றிலேயே பெரிய அதிர்ச்சி என்று எல்லோரும் சொல்கிற ஆட்டம்கூட மறு ஆட்டம்தான். 1972இல் முதல் நாலு அடுக்கு லீக்குகளுக்கு வெளியே இருந்த ஹெர்ஃபோர்டு, நியூகாஸிலில் போய் 2-2 என்று தாக்குப்பிடித்து, பிறகு சொந்த ஊரின் சேற்று மைதானத்தில் 2-1 என்று ஜெயித்தது. ரானி ராட்ஃபோர்டு ரொம்பத் தூரத்திலிருந்து அடித்த அந்த கோலை இன்னும் ஒவ்வொரு ஜனவரியிலும் காட்டுகிறார்கள்.

மறு ஆட்டம் ஒரு காலத்தில் ஏழை அணிக்கு எதிராகவும் வேலை செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் சீசனிலேயே ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் வந்து அரையிறுதியில் வாண்டரர்ஸோடு 0-0 என்று சமன் செய்தது. மறு ஆட்டத்துக்குத் திரும்ப வரக் காசில்லை, விலகிவிட்டார்கள். வாண்டரர்ஸ் இறுதிக்குப் போய் ராயல் எஞ்ஜினியர்ஸை 1-0 என்று வென்று முதல் கோப்பையைத் தூக்கினார்கள்.

கேள்வி: தோற்ற பிறகும் போட்டியில் நீடித்த அணி உண்டா?

பதில்: உண்டு, இரண்டு வேடிக்கையான உதாரணங்கள். போர் முடிந்த பிறகு 1945-46 சீசனில் மட்டும் கால் இறுதி வரை இரண்டு இரண்டு ஆட்டமாக வைத்துக் கோல்களைக் கூட்டிப் பார்த்தார்கள். சார்ல்டன் அதில் ஓர் ஆட்டத்தில் தோற்றும் கூட்டுத்தொகையில் தாண்டி இறுதி வரை போனது, இறுதியில் டெர்பி கவுன்டியிடம் தோற்றது. இன்னொன்று 1999-2000. கோப்பையை வைத்திருந்த மான்செஸ்டர் யுனைடெட், பிரேசிலில் நடந்த உலக கிளப் போட்டிக்காக எஃப்.ஏ. கோப்பையில் ஆடவில்லை. ஓர் இடம் காலி. இரண்டாவது சுற்றில் தோற்ற 20 அணிகளின் பெயரையும் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார்கள், டார்லிங்டன். வந்த அதிர்ஷ்டம் ஒரே ஆட்டம்தான், ஆஸ்டன் வில்லா 2-1 என்று அனுப்பிவிட்டது.

கேள்வி: சின்ன அணி அதிர்ச்சி கொடுப்பது சரி. உண்மையில் கோப்பையை வென்றிருக்கிறதா?

பதில்: நேர்மையாகச் சொன்னால், ரொம்ப அபூர்வம். ஃபுட்பால் லீக் 1888இல் தொடங்கிய பிறகு அதில் இல்லாத ஓர் அணி கோப்பையை வென்றது 1901இல் ஒரே தடவை, அதுவும் யார் என்றால் டாட்டன்ஹாம், அப்போது அவர்கள் சதர்ன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரண்டாம் அடுக்கிலிருந்து வந்து வென்றவர்கள் என்று பார்த்தால் 1973இல் சண்டர்லேண்ட், 1976இல் சவுத்தாம்ப்டன், 1980இல் வெஸ்ட் ஹாம், மூன்றுமே 1-0. அதன் பிறகு ஒருவரும் இல்லை. 2017இல் ஐந்தாம் அடுக்கிலிருந்த லிங்கன் சிட்டி, பிரீமியர் லீக் அணியான பர்ன்லியை அதன் மைதானத்திலேயே வென்று கால் இறுதிக்குப் போனது. லீக்குக்கு வெளியே இருந்து அத்தனை தூரம் ஓர் அணி வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆர்சனல் ஐந்து கோல் போட்டு அனுப்பியது.

ஓர் ஆட்டத்தில் யாரும் யாரையும் வெல்லலாம், ஆறு ஆட்டம் தொடர்ந்து வெல்ல ஆள்பலம் வேண்டும். ஆர்சனல் 14 தடவை, மான்செஸ்டர் யுனைடெட் 13 தடவை வென்றிருக்கிறார்கள் என்றால் குலுக்கல் அதிர்ஷ்டம் மட்டும் காரணம் இல்லை.

கேள்வி: மற்ற நாடுகளிலும் இதே விதிகளா?

பதில்: அடிப்படை ஒன்றுதான், அக்கறை யார் மேல் என்பதில் வித்தியாசம். பிரான்சில் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறார்கள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள், கடல் தாண்டி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவிலிருந்துகூட அணி வரும். இரண்டு அடுக்கு கீழே உள்ள அணிக்குச் சொந்த மைதானம் தானாகவே கிடைத்துவிடும். 2000இல் கலே என்ற துறைமுக ஊரின் நான்காம் அடுக்கு அமெச்சூர் அணி இறுதி வரைக்கும் போய், கடைசி நிமிடப் பெனால்டியில் நாந்த் அணியிடம் 2-1 என்று தோற்றது. ஜெர்மனியில் முதல் சுற்றில் சரியாக 64 அணிகள், இங்கேயும் அமெச்சூர் அணிக்குத்தான் சொந்த மைதானம், மறு ஆட்டம் எப்போதோ போயிற்று. இறுதி ஆட்டம் 1985இலிருந்து பெர்லினில். 2025இல் மூன்றாம் டிவிஷன் அணி பீலஃபெல்ட் அங்கே வரை வந்து ஸ்டுட்கார்ட்டிடம் 4-2 என்று தோற்றது.

இத்தாலி நேர் எதிர். முதல் இரண்டு டிவிஷனும் மூன்றாம் டிவிஷனிலிருந்து ஒரு சிலரும்தான், பெரிய எட்டு கிளப்புகள் கடைசி 16இல்தான் தலைகாட்டும், சொந்த மைதானமும் அவர்களுக்கே. ஆட்டங்களை நடத்த வசதிதான், ஆனால் பார்க்கச் சப்பென்று இருக்கும்.

ஸ்பெயின் 2019-20இல் அரையிறுதி தவிர எல்லாவற்றையும் ஒரே ஆட்டமாக்கிச் சின்ன அணிக்குச் சொந்த மைதானம் கொடுத்தது, அதன் பிறகு அந்தக் கோப்பைக்குப் புது உயிர் வந்துவிட்டது. இன்னொரு விஷயமும் ஸ்பெயினிலிருந்து சொல்ல வேண்டும். நாக் அவுட்டில் கோலைவிடக் காகிதம் ஆளைக் கவிழ்க்கும். 2015 டிசம்பரில் ரியல் மாட்ரிட் காடிஸை 3-1 என்று வென்றது, ஆனால் முதல் கோல் அடித்த செரிஷேவ் முந்தைய சீசனில் வேறு கிளப்புக்கு ஆடியபோது வாங்கிய மஞ்சள் அட்டைகளால் அந்த ஆட்டத்துக்குத் தடை செய்யப்பட்டவர். ஆட்டம் நடக்கும்போதே காடிஸ் ரசிகர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, மாட்ரிட் பெஞ்சுக்குப் பிறகுதான் தெரிந்தது. போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

கேள்வி: எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தால் என்ன கிடைக்கும்? பணமா?

பதில்: பணம் பெரிதாக இல்லை. 2024-25இல் இறுதியில் வென்றவருக்கு 20 லட்சம் பவுண்டு, பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்து இறங்கிப் போகிற கிளப்புக்கே பத்துக் கோடி பவுண்டு அளவுக்குக் கிடைக்கிறது. பெரிய கிளப்புகள் கோப்பை ஆட்டத்துக்கு இரண்டாம் வரிசை ஆட்களை இறக்குவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மதிப்பான பரிசு, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கில் ஓர் இடம். வென்றவர் லீக் மூலமாக ஏற்கெனவே ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தால், அந்த இடம் லீக் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும், முன்பு மாதிரி இறுதியில் தோற்றவருக்குப் போகாது. 2013இல் விகன் அத்லெடிக் கடைசி நேர கோலில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்றது, மூன்றே நாளில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, அடுத்த சீசனில் இரண்டாம் அடுக்கில் ஆடிக்கொண்டே ஐரோப்பாவிலும் ஆடியது. 2025இல் கிரிஸ்டல் பேலஸ் அதே சிட்டியை அதே 1-0 கணக்கில் வென்றது, அவர்களின் முதல் பெரிய கோப்பை. ஆனால் அவர்களில் பங்கு வைத்திருந்தவர் பிரான்சின் லியான் கிளப்பிலும் பங்கு வைத்திருந்தார், ஒரே கைக்குள் இரண்டு கிளப் ஒரே போட்டியில் ஆடக் கூடாது என்கிற ஐரோப்பிய விதியில் மாட்டிக்கொண்டு, யூரோப்பா லீக்குக்குப் பதில் அதற்குக் கீழே உள்ள கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டார்கள். மேல்முறையீடு செய்தும் 2025 ஆகஸ்டில் அந்த முடிவு மாறவில்லை.